'சில்லி' என்றால் பேறுபெற்றவள்!

மனிதரைப் போலவே சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. உயர்ந்த பொருளோடு பிறந்து தாழ்ந்துபோன சொற்கள் பல. தாழப் பிறந்து உயர்ந்த சொற்களும் சில. நம் பள்ளியில் நாள்தோறும் காதில் விழும் 'சில்லி' என்னும் ஆங்கிலச் சொல்லின் கதையைச் சற்றே சிந்திப்போம். மளிகைக் கடை மிளகாயை யாரும் நினைத்துவிட வேண்டாம்! விடைத்தாளைக் கையில் வாங்கியதும், "சில்லி மிஸ்டேக்கால் இரண்டு மார்க் போயிற்று" என்கிறோமே, அந்தச் சில்லிதான்.

ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன், பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முன்னோரான 'யெஸேலி'க்கு மகிழ்ச்சியுடையவர், நற்பேறு பெற்றவர் என்பதே பொருள். அதன் உறவுச் சொல்லான 'ஸேலிக்' ஜெர்மன் மொழியில் இன்றும் மதிப்புடன் வாழ்கிறது. நம் ஆண்டவர் மலைப்பொழிவில் "பேறுபெற்றோர்" என்று கூறுவதை ஜெர்மன் விவிலியம் அச்சொல்லால்தான் சொல்கிறது. திருச்சபை அருளாளராக உயர்த்துவோருக்கும் அங்கே அதுவே அடைமொழி.

அப்படிப்பட்ட சொல் எவ்வாறு தாழ்ந்தது? பேறுபெற்றவர் கள்ளங்கபடற்றவர் அல்லவா? ஆகவே முதலில் 'மாசற்ற' என்ற பொருள் வந்தது. மாசற்றவர் உலகின் சூது அறியார், எளிதில் துன்புறுவார். எனவே 'இரங்கத்தக்க', 'வலுவற்ற' என்றும் ஆயிற்று. தீங்கறியாத ஆட்டைக்கூட அக்காலத்தில் 'சில்லி' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் 'அறிவற்ற' என்னும் பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று கிரிக்கெட்டில் மட்டையாளருக்கு மிக அருகே, அடிபடும் இடத்தில் நிற்பதைச் 'சில்லி பாயிண்ட்' என்பதும் இப்பொருளில்தான்.

இதற்கு நேர்மாறானது 'நைஸ்'. 'ஒன்றும் அறியாத' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அது, ஆங்கிலத்தில் முதலில் 'மூடத்தனமான' என்றே பொருள்பட்டது. பின்னர் 'நுட்பமான' என்று உயர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் 'இனிமையான' என்றாயிற்று. மூடன் இனியவனானான், பேறுபெற்றவளோ மூடச்சியானாள்!

நம் தமிழிலும் இத்தகைய விந்தை உண்டு. பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது பேதை. ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமியின் பெயர் அது. ஆனால் திருக்குறளின் 84ஆம் அதிகாரமான 'பேதைமை' பேசுவது அறிவீனத்தை. சிறுமிக்கும் அறிவிலிக்கும் ஒரே சொல்!

சொல் தானாகத் தாழ்வதில்லை. பேசுகிறவர்களே அதைத் தாழ்த்துகிறார்கள். கள்ளமில்லாதவரைப் பார்த்து உலகம் நகைத்தது. அந்த நகைப்பு சொல்லில் படிந்துவிட்டது.

"வேடிக்கைக்குத்தானே சொல்கிறோம், இதில் என்ன?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கும் ஒருத்தியைப் பார்த்துச் "சில்லி கொஸ்டின்" என்று பின்வரிசை சிரித்தால், மறுநாள் அவள் எழமாட்டாள். அவள் கேட்டது இன்னும் பத்துப்பேர் மனத்தில் இருந்த ஐயமாக இருக்கலாம். அவர்களும் வாய் திறவார். இழப்பு வகுப்பு முழுவதற்கும்தான்.

பெற்றோரிடமும் பணிவுடன் ஒன்று கேட்கிறோம். ஒரே கேள்வியை அண்ணன் கேட்டால் "கெட்டிக்காரன்" என்றும், தங்கை கேட்டால் "அசடு" என்றும் சொல்லும் இல்லங்கள் இன்றும் உண்டு. அறியாததைக் கேட்பது அசட்டுத்தனம் ஆகுமா? கேட்காமல் இருந்துவிடுவதல்லவா பேதைமை!

ஆகவே தோழியரே, கணக்கில் கூட்டலைத் தவறவிட்டால் அதைச் 'சில்லி மிஸ்டேக்' என்று தாராளமாகச் சொல்வோம். ஆனால் ஒருத்தியை ஒருபோதும் அச்சொல்லால் அழைக்க வேண்டாம். அப்படியும் எவரேனும் நம்மை அழைத்தால், கலங்காமல் புன்னகையுடன் அதன் பழைய பொருளை எடுத்துச் சொல்லி, அடுத்த கேள்வியையும் கேட்போம்!