மலைவழியில் ஒரு மிதிவண்டி



எங்கள் வீட்டுத் திண்ணையோரம் ஒரு மிதிவண்டி எட்டு மாதங்கள் அசையாமல் நின்றது. பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது என் மகளுக்கு அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி அது. அதை ஓட்டக் கூடாது என்று தடுத்தவன் நான்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவன் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். பெங்களூரு செல்லும் பெருஞ்சாலையில் பின்னால் வந்த லாரி உரசியதால் விழுந்து கால் எலும்பு முறிந்தான். அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய இரவே, 'இனி இந்த வீட்டில் யாரும் சைக்கிளைத் தொடக் கூடாது' என்று கூறிவிட்டேன். மகள் மெதுவாகக் கேட்டாள்: "தவறு செய்தது லாரி. நிறுத்தி வைப்பது சைக்கிளையா, அத்தா?" அன்று என்னிடம் பதில் இல்லை.

பதிலைத் தேடிப் படிக்கலானேன். ஐரோப்பாவில் உயரம் குறைந்த மலைப்பகுதிகளினூடே மிதிவண்டிக்கென்றே நெடும்பாதைகள் அமைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஆகன் நகரில் தொடங்கி, பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க்கின் வடகோடி வரை செல்லும் 'வென்பான்' என்னும் பாதை அவற்றுள் ஒன்று. அதன் நீளம் 125 கிலோமீட்டர். ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் ஏற்றிச் சென்ற இரயில் தடம் அது. இரயில் செங்குத்தாக ஏற இயலாது. ஆதலால் மலையைச் சுற்றி வளைத்து, நூறு மீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் என்ற அளவில்தான் அப்பாதையை உயர்த்தியிருந்தார்கள். இரயில் நின்றுபோன பின்னர் அந்தச் சீரான ஏற்றமே மிதிவண்டிக்கு வரமாயிற்று. முதியோரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் மலைநாட்டைக் கடக்கிறார்கள்.

தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரத்தார் கையாண்ட வழி வேறு. அதற்கெனப் புதிய பாதை எதையும் அவர்கள் போடவில்லை. 1970-களில் தொடங்கி, ஞாயிறுதோறும் காலை முதல் நண்பகல் கடந்து சில மணி நேரம் வரை முக்கியத் தெருக்களில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அந்நேரத்தில் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தெருக்கள் நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் உரியவை ஆகிவிடுகின்றன.

'அயல்நாட்டில் நடக்கும், இங்கே நடக்குமா?' என்று கேட்பீர்கள். எங்கள் திருவண்ணாமலையையே பாருங்கள். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான இந்துச் சகோதரர்கள் நடக்கிறார்கள். அந்த நேரத்தில் அவ்வழியே வண்டிகளை அனுமதிப்பதில்லை. கடைக்காரர் முதல் காவலர் வரை எல்லோரும் அதற்கேற்ப நடந்துகொள்கிறார்கள். ஓர் ஊர் மனம் வைத்தால் நடப்பவருக்கு வழிவிட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஜவ்வாது மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எண்ணம் இவற்றையெல்லாம் படித்த பின்னரே எழுந்தது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. செய்யாறு பிறப்பதும் அங்கேதான். போளூரிலிருந்து ஒரு சாலையும், செங்கம் பக்கத்துப் பரமனந்தலிலிருந்து ஒரு சாலையும், வேலூர்ப் பக்கம் அமிர்தி வழியாக ஒரு சாலையும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஒரு சாலையும் மேலேறி ஜமுனாமரத்தூரை அடைகின்றன. மிதிவண்டிக்கென்று தனிப்பாதை இட்டவர் எவரும் இல்லை. கைவிடப்பட்ட இரயில் தடமும் இல்லை. எனினும், எந்த நாளில், எந்த நேரத்தில் செல்வது என்று அறிந்து சென்றால் ஏறக்குறைய அத்தகைய வழி அங்கே கிடைக்கிறது.

முன்பொரு ஞாயிற்றுக்கிழமை உறவினரோடு வேனில் அங்கே சென்றிருக்கிறேன். பீமன் நீர்வீழ்ச்சிக்கு வரும் கார்களின் ஒலியும் இளைஞர்களின் பந்தயமும் அன்று மலையை அதிர வைத்தன. இம்முறை காலாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று சைக்கிள்களைச் சிறிய சரக்கு வண்டியொன்றில் ஏற்றி, முந்திய மாலையே ஜமுனாமரத்தூர் சேர்ந்தோம். சுபுஹுத் தொழுகைக்குப் பின், நிலம் தெளிந்ததும் காவலூர்ச் சாலையில் புறப்பட்டோம்.

முதல் ஒரு மணி நேரத்தில் எங்களைக் கடந்தவை ஒரு பேருந்தும் நான்கு இருசக்கர வண்டிகளும்தாம். சாலையின் இரு மருங்கிலும் சாமைக் கதிர்கள் தலை சாய்ந்திருந்தன. பலா மரங்களின் நிழலில் பனி இன்னும் ஈரமாய்க் கிடந்தது. மகள் முன்னே சென்றாள். என் இளைய மகன் வளைவுதோறும் மணியடித்தான். விலகுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் அஞ்சாமல் செல்வது எப்படி இருக்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

காவலூர் வானாய்வகத்தின் வெண்ணிறக் கூண்டை வெளியிலிருந்து கண்டோம். ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அவ்விடம். அறிவியலாளர் வேணு பாப்பு அதைத் தெரிவு செய்து, 1968-ல் அங்கே பணி தொடங்கியது. அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் இயங்கத் தொடங்கியது. நகர விளக்குகள் எட்டாத இருள் வேண்டும் என்பதற்காகவே அந்த மலை. விண்மீன்களுக்காக இருளைத் தேடிய நாம், பிள்ளைகளுக்காக ஓர் அமைதியான வழியைத் தேடக் கூடாதா?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மலைச்சாலையை அடைத்துவிட்டு நாம் உல்லாசமாக ஓட்டலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அச்சாலைதான் சந்தை, பள்ளி, மருத்துவமனை எல்லாம். 2023-ல் அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய குழந்தையை, சாலையில்லாத காரணத்தால் காலத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை. குழந்தை இறந்த பின்னரும் உடலைக் கையில் ஏந்தியே தாய் மலையேற நேர்ந்தது. சாலை இல்லாமையின் கொடுமை அது. ஆகவே பேருந்தும் ஆம்புலன்சும் என்றும் ஓட வேண்டும். குறைய வேண்டியது வேடிக்கைக்கு வருவோரின் வேகமும் ஒலியும், அவர்கள் உடைத்தெறியும் கண்ணாடிப் புட்டிகளுமே.

செல்ல விரும்பும் குடும்பத்தாருக்குச் சில குறிப்புகள். மலையேற்றத்தை மிதித்துக் கடக்கப் பழகாத பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம். மேலே சென்ற பின் ஓட்டுவதே போதும். புறப்படுமுன் இரு பிரேக்குகளின் ரப்பர் கட்டைகளையும் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை இறுகப் பிடித்தபடியே வராமல், விட்டு விட்டு அழுத்த வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதில் வெட்கம் இல்லை. பெண் பிள்ளைகளின் துப்பட்டாவும் புர்காவின் ஓரமும் சங்கிலியில் சிக்கும் ஆபத்து உண்டு. சங்கிலிக்கு முழு மூடி போட்டு, துணியை நன்றாகச் செருகிக்கொள்ளச் செய்யுங்கள். காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், குடிநீரும் கட்டாயம் வேண்டும்.

பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டுவதா என்று புருவம் உயர்த்துவோர் இன்றும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். பேருந்துக்காகவும், பிறர் துணைக்காகவும் காத்து நின்ற அவர்களின் பொழுதெல்லாம் மிச்சமாயிற்று.

ஊர் திரும்பிய பின் ஓர் உண்மை என்னை உறுத்தியது. வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் நான் பாடம் நடத்துகிறேன். முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டுகிறேன். ஆனால் வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று என் மோட்டார் சைக்கிளில் விரைந்து, சந்தில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகளை ஒலியெழுப்பி ஒதுக்கியவனும் நான்தானே! அவர்களுக்கு அந்த நேரத்தில் நானே இடையூறாக இருந்தேன்.

இப்போது என் மகள் பெருஞ்சாலையைத் தவிர்த்து, ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் பள்ளிக்குச் செல்கிறாள். இருபது நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டியிருக்கிறது. கால் குணமான அந்தச் சிறுவனும் உள்வழியாகச் சைக்கிளில் வருகிறான். மதரஸா கூடும் நேரத்திலும் கலையும் நேரத்திலும் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளை மெதுவாகச் செலுத்துவதென்று மஹல்லாப் பெரியவர்கள் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நான் கடைப்பிடிக்கிறேன்.

உங்கள் ஊரிலும் ஏரிக்கரையோ, வாய்க்கால் ஓரமோ, பழைய வண்டிப்பாதையோ ஒன்று இருக்கும். இவ்வாரம் ஒருநாள் பிள்ளைகளோடு சென்று அதைப் பார்த்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.