பிரதேச செயலகத்துக்கு ஒன்று, ஜெனீவாவுக்கு ஒன்று: ஒரே பிள்ளையைப் பற்றிய பல கடிதங்கள்

செங்கலடி பிரதேச செயலகத்துக்குப் பதுளை வீதியின் உட்கிராமங்களிலிருந்து வரும் வயதான பெண்கள் பலரின் கைகளில் ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கும். அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, ஆணைக்குழுவுக்குப் போன பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு. எல்லாம் ஒரு பிள்ளையைப் பற்றியவை. அந்தக் கடதாசிகளை ஒழுங்காக வாசிக்கும் வாய்ப்பு செய்தியாளர் என்ற வகையில் எனக்குப் பல தடவை கிடைத்திருக்கிறது. எழுதியவர் ஒருவர், சம்பவம் ஒன்று. ஆனால் யாருக்கு எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து, சில வேளைகளில் பிள்ளையே வேறொருவர் போலத் தோன்றுவார்.

இடத்துக்கு ஏற்ப எழுத்து மாறுவது இயல்புதான். வெளிநாட்டிலுள்ள தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவைப் போல மாவட்டச் செயலாளருக்கு யாரும் எழுத மாட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு மட்டும் அது நடையோடு நிற்பதில்லை. எந்தச் சொல்லை எழுதினோம் என்பதில் விசாரணையும் கொடுப்பனவும் தங்கியிருக்கின்றன. பிள்ளை உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற முடிவும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

உதாரணத்துக்கு ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல, பல கோவைகளில் கண்ட பொது வடிவம். எங்கள் பக்கத்துத் தாய் ஒருவர் வாயால் சொன்னால் இப்படி இருக்கும்: “பொழுதுபட்டு வந்தாங்க. புள்ள சோத்துக் கோப்பைய வெச்சிட்டு எழும்பினான். நீலக் கோட்டுச் சாரன், மேல ஒண்டும் போடல்ல. விசாரிச்சிட்டு விடுறம் எண்டாங்க. மறுகா நான் றோட்டு மட்டும் பின்னால ஓடினன்.” இதையே கடிதம் எழுதிக் கொடுப்பவர் எழுதினால்: “மேற்படி எனது மகன் எமது இல்லத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு இன்றுவரை வீடு திரும்பவில்லை என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குத் தயவுடன் கொண்டுவருகின்றேன்.”

இரண்டாவதில் இலக்கணம் சரி, மரியாதை சரி. “மறுகா” போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு, வந்தவர்கள் போய்விட்டார்கள். “வந்தாங்க” என்பதில் ஆட்கள் இருக்கிறார்கள். யார் வந்தது, எத்தனை பேர், சீருடையா என்று அடுத்த கேள்வி கேட்க முடியும். “அழைத்துச் செல்லப்பட்டு” என்பதில் எவரும் இல்லை. சாரனும் இல்லை, நேரமும் இல்லை, சொல்லிவிட்டுப் போன வாக்குறுதியும் இல்லை.

கடிதம் எழுதிக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. 1990ஆம் ஆண்டில் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து செப்டெம்பர் 5ஆம் திகதி 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானில் படுகொலை நடந்தது. அந்தக் காலத்தில் இராணுவம் என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்திடுவது அடுத்த பிள்ளையையும் இழக்கும் வழியாக இருந்தது. செயப்பாட்டு வினை அன்று ஒரு கவசம். ஆயுதக் குழுக்கள் கொண்டுபோன வீடுகளிலும் அதே கவசம்தான். “இனந்தெரியாதோர்” என்ற சொல்லை எத்தனை வீடுகள் ஆளைத் தெரிந்துகொண்டே எழுதின என்பது இந்த ஊருக்குத் தெரியும். பிரச்சினை என்னவென்றால், ஆபத்துக் காலத்தில் எழுதிய அந்த வாக்கியம்தான் பிறகு எல்லாப் படிவங்களுக்கும் மூலப்பிரதியானது. 1994இல் அமைத்த ஆணைக்குழுக்கள், 2010இன் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இன் பரணகம ஆணைக்குழு என்று ஒவ்வொன்றுக்கும் பழைய கடிதத்தைப் பார்த்தே புதியது எழுதப்பட்டது.

“காணாமல் போன” என்பதா, “காணாமல் ஆக்கப்பட்ட” என்பதா என்ற வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது. தாய்மார் வீதியில் நின்று அந்தச் சொல்லை மாற்றினார்கள். பொருள் தொலைந்து போகலாம், பிள்ளை போகவில்லை, ஆக்கப்பட்டான் என்பது அவர்களின் வாதம். அரசின் தாள்களிலோ இரண்டும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் “காணாமற்போன ஆட்கள்”தான் இருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்கப்படுதலைக் குற்றமாக்குகிறது. ஆகவே அலுவலகத்தின் பெயரை அது எழுதும் விதமாகவே எழுதிவிட்டு, சம்பவத்தை விவரிக்கும் இடத்தில் நமது சொல்லை எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை. படிவத்தின் தலைப்பு அலுவலகத்துக்குச் சொந்தமானது. உள்ளே எழுதுவது நம்முடையது.

சான்றிதழ் விடயம் இதைவிடக் கடினம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் கேட்கலாம். அதற்கு அவர் இறந்துவிட்டார் என்று நம்புவதாகச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுக் காணப்படாமைச் சான்றிதழ் வந்தது. அதற்குப் பிள்ளை இறந்ததாக எழுதத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்பே எத்தனையோ பேர் காணிக்காகவும், பேரப்பிள்ளையின் பாடசாலை அலுவலுக்காகவும், கொடுப்பனவுக்காகவும் மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். ஒரே பையில் ஒரு கடதாசி “மகனைக் கண்டுபிடித்துத் தாருங்கள்” என்கிறது, மற்றொன்று “மகன் இறந்துவிட்டார்” என்கிறது. அதிகாரி ஒருவர் இரண்டையும் மேசையில் வைத்து எது உண்மை என்று கேட்டால் அந்தத் தாய் என்ன சொல்வாள்? இரண்டும் அவள் எழுதியவைதான். ஒன்று வயிற்றுக்கு எழுதியது. 2022 மார்ச்சில் ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அமைச்சரவை தீர்மானித்தபோது வீதியில் நின்ற தாய்மார் அதை மறுத்ததற்கு, தொகையை விட, எதில் கையெழுத்திடுகிறோம் என்ற பயமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மரணச் சான்றிதழ் எடுத்தவர்கள் குற்றவாளிகளைப் போல ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. எந்தச் சூழலில், எந்தத் தேவைக்காக எடுத்தோம் என்பதை அடுத்த முறைப்பாட்டில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். மறைத்தால்தான் முரண்பாடாகத் தெரியும்.

மொழியும் ஒரு வாசகர்தான். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தின்படி வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ். இங்குள்ள அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உரிமை. நடைமுறையில் பழைய பொலிஸ் பதிவுகள் பல சிங்களத்தில் இருக்கின்றன. தாய் தமிழில் சொன்னாள், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார், “வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது” என்ற வரியின் கீழ் அவள் கையெழுத்திட்டாள். அந்தப் பிரதியை வைத்திருப்பவர்கள் ஒருமுறை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். “கொண்டுபோனார்கள்” என்று சொன்னது “வீட்டை விட்டு வெளியேறினார்” என்று பதிவாகியிருந்தால் அது இப்போதாவது தெரியட்டும்.

ஜெனீவாவின் நடை வேறு. 1980இல் அமைக்கப்பட்ட ஐ.நா. செயற்குழு கேட்பவை சில: பெயர், திகதி, இடம், பொறுப்பானவர்கள் என்று நம்பப்படுவோர், குடும்பம் எடுத்த நடவடிக்கைகள். “எனது கண்ணீருக்குப் பதில் தாருங்கள்” என்ற வாக்கியத்துக்கு அங்கே கட்டம் இல்லை. அது குளிர்ந்த எழுத்துத்தான். ஆனால் நமது “மேலான கவனம்”, “தயவுடன்” எல்லாவற்றையும் விட அது தாயின் பேச்சுக்கு நெருக்கமானது என்பதைக் கவனித்தேன். யார் வந்தார்கள், எப்போது, எங்கே? அவள் வாயால் சொன்னபோது முதலில் சொன்னவையே அவை. 2021இன் 46/1 தீர்மானத்தின் பின் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சான்றுகளைச் சேகரித்து வருவதால் இந்த விவரங்களுக்கு இன்று பெறுமதி கூடியிருக்கிறது.

சாரனுக்கு வருகிறேன். 2025இல் யாழ்ப்பாணம் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில், செம்மணிப் புதைகுழி என்று நாம் சொல்லும் இடத்தில், எலும்புக்கூடுகளோடு உடைகளும் பாதணிகளும் பாடசாலைப் பையும் பொம்மையும் வெளிவந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி அவை மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. எங்கள் மாவட்டத்திலும் குருக்கள்மடத்தில் 1990இல் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் முஸ்லிம்களுக்காக, அவர்களின் உறவினர்கள் களுவாஞ்சிகுடி நீதிமன்றத்தை நாடியிருக்கிறார்கள். தமிழ் வீடோ முஸ்லிம் வீடோ, குழி தோண்டப்படும் நாளில் அங்கே கேட்கப்போவது ஒரே கேள்விதான்: என்ன உடுத்திருந்தார்? கடிதத்தில் அநாவசியம் என்று வெட்டப்பட்ட வரி அது.

தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. படிவத்தை எடுக்க முதல் கைத்தொலைபேசியை எடுத்து, அவரை அவருடைய பேச்சிலேயே சொல்லவிட்டுப் பதிவு செய்யுங்கள். இடையில் திருத்தாதீர்கள், “மறுகா” வரட்டும். உடை, பழைய எலும்பு முறிவு, பல், காயத் தழும்பு, கழுத்தில் இருந்த தாயத்து, கையில் இருந்த மணிக்கூடு, எல்லாவற்றையும் கேளுங்கள். பிறகு அதிலிருந்து ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அதற்கேற்ற நடையில் எழுதலாம். பெயரின் எழுத்துக்கூட்டலும் திகதியும் இடமும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். திகதி உறுதியில்லையென்றால் ஊகித்து எழுதாமல், “ஆடிப்பூரத்துக்கு அடுத்த கிழமை” என்று அவர் சொன்னதையே எழுதுங்கள். பஞ்சாங்கம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். பிளாஸ்ரிக் பையில் மட்டும் வைக்க வேண்டாம், 2004 டிசம்பரில் கடலோர வீடுகளில் பைகளும் சேர்ந்தே போயின. படம் எடுத்து வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.