விழப்போகிற பல்தானே?



இரண்டு மாதங்களுக்கு முன், இதழ் அச்சுக்குப் போகிற நாளன்று, என் தங்கை தன் எட்டு வயது மகளோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். குழந்தையின் வலது கன்னம் உப்பியிருந்தது. ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லையாம். கிராம்பு வைத்தும் கேட்கவில்லை. மெய்ப்புத் தாள்களை அப்படியே போட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் ஓடினோம்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று அவள் ஒரே பிடிவாதம். மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நீளக் காம்பு வைத்த அந்தச் சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். "முதல்ல என் பல்லை நீ எண்ணிச் சொல்லு." பதினேழு வரை எண்ணியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் வாய் திறந்தது.

கீழ்க் கடைவாயில் கறுப்பாக ஒரு குழி. "ரொம்ப நாளா இருக்கு டாக்டர். விழப்போற பால்பல்தானேன்னு விட்டுட்டேன்" என்றாள் தங்கை. "இது பால்பல் இல்லீங்க. இது போனா வேற பல் முளைக்காது" என்றார் அவர். தங்கை என்னைப் பார்த்தாள். எனக்கும் அது தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு வயதை ஒட்டி, பால்பல் வரிசைக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நிலையான கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. ஆடுகிற பல் இல்லை, ஓட்டை வாய்க் கேலி இல்லை; அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. மெல்லும் பரப்பில் பள்ளங்கள் ஆழமாக இருப்பதால் சொத்தை முதலில் பிடிப்பதும் இவற்றைத்தான். புதிதாக முளைத்தவுடன் அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். ஊசி இல்லை, வலி இல்லை.

சரி, பால்பல்லாகவே இருந்தால்? மொத்தம் இருபது பால்பற்களில் முன்பற்கள்தான் ஆறேழு வயதில் விழத் தொடங்குகின்றன. கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை உழைக்க வேண்டும். அதுவரை அடியில் வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான். முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் விழுந்த பல்லைச் சாண உருண்டைக்குள் வைத்து ஓட்டுக்கூரை மேல் எறிவோம். வாயில் இருந்தவரை அந்த மரியாதை அதற்குக் கிடைத்ததில்லை.

இனிப்பே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. 1940-களில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் வீபெஹோல்ம் என்ற காப்பகத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாயைக் கொடுத்துச் சோதித்தார்கள். மன்னிக்க முடியாத சோதனை. அதில் தெரிந்தது இது: சாப்பாட்டோடு உள்ளே போன சர்க்கரையைவிட, இடையிடையே மென்ற ஒட்டும் மிட்டாய்தான் பல்லை அதிகம் அரித்தது. சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் அந்நாட்டில் வந்தது அதன் பிறகுதான். சாப்பாட்டோடு ஒரு லட்டைத் தின்று முடிக்கிற குழந்தையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பிஸ்கட் பொட்டலத்தை மதியம் முழுக்கக் கொறிக்கிற குழந்தையைப் பற்றித்தான் கவலை. சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்குவது அதைவிட மோசம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும்; பாலைக் கழுவ வாயில் ஆள் இருக்காது.

இரவில் பல் தேய்ப்பதை மட்டும் பிள்ளைகளிடம் முழுசாக விட்டுவிடாதீர்கள். ஏழெட்டு வயது வரை அவர்கள் கைக்கு அந்த லாவகம் வராது. பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டு நீங்களே தேய்த்துவிடுங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசை, மூன்று வயதுக்குள் அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு. துப்பினால் போதும், மடக் மடக்கென்று தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்கள் மட்டும் குடிநீரையும் கவனியுங்கள். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை ஏறுவது அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அங்கே போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈறில் ரத்தம் வந்தால் பல நாள் பிரஷ்ஷைத் தொடாமல் இருக்கிறோம். செய்ய வேண்டியது நேர்மாறு. பெரும்பாலும் அங்கே படிந்த அழுக்குதான் காரணம். மென்மையான பிரஷ்ஷால் இதமாகத் தேய்த்துவந்தால் ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ஈறில் பரு மாதிரி கொப்புளம் தெரிந்தால், வலிக்காவிட்டாலும் காட்டிவிடுங்கள். உள்ளே சீழ் கட்டியிருக்கலாம்.

தங்கை மகளுக்கு வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றியாயிற்று. அதற்கு நான்கு முறை போக வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணுகிறாள். பெரியம்மா வாயில் மூன்று பல் குறைகிறதாம்.

உங்கள் வீட்டிலும் இன்றிரவு கைபேசி வெளிச்சத்தில் பிள்ளையின் வாயைப் பாருங்கள். முன்னால் நடுவிலிருந்து ஒரு பக்கமாக, விழுந்த இடத்தையும் சேர்த்தே எண்ணுங்கள். ஆறாவதாக ஒரு பல் இருந்தால், அது விழப்போகிற பல் அல்ல.

அன்புடன்,
ஆசிரியர்