சாதாரணதரம் தவறிய பிள்ளைக்கு நாம் என்ன செய்தோம்?

சாதாரணதரப் பரீட்சை முடிவு வந்ததும் ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படத்தைப் பாடசாலை மதிலில் பெரிதாகக் கட்டுகிறோம். கணிதத்தில் தவறிய பிள்ளையும் அந்த மதிலைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறது. அதன் பிறகு அது என்ன ஆனது என்று ஆசிரியர்களாகிய நாமும் கேட்பதில்லை, பழைய மாணவர் சங்கங்களில் கூடும் நாமும் கேட்பதில்லை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று மட்டக்களப்பின் படுவான்கரை ஊர்களில் விசாரித்தால் தெரியும். ஒருவன் கொழும்பில் மேசன் பாஸுக்குக் கையாள். இன்னொருவன் கராஜில் டயர் கழற்றுகிறான். மற்றவன் கட்டார் போக வயது வரட்டும் என்று காத்திருக்கிறான். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும்.

வழியே இல்லை என்று நாம் சொல்ல முடியாது. 1971ஆம் ஆண்டிலேயே 49ஆம் இலக்கப் பயிலுநர் சட்டம் வந்துவிட்டது. இன்று நாம் நைட்டா என்று சொல்லும் அதிகார சபை, தொழில் தருபவரையும் பயிலுநரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கிறது. பிள்ளை வேலைத்தலத்திலேயே தொழில் பழகும். கடைசியில் சோதனை வைத்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருவார்கள். 2017இல் 13 வருடக் கல்வித் திட்டம் தொடங்கியது. சாதாரணதரம் சித்தியடையாத பிள்ளையும் 12ஆம் வகுப்புக்குப் போய்த் தொழிற்பாடம் படித்து, பிறகு வெளியே பயிற்சி பெறலாம். அதை ‘படிக்காத பிள்ளைகளின் வகுப்பு’ என்று பேசிப் பேசியே பெற்றோரை விலக வைத்தவர்கள் நாம்தான்.

இந்தப் பேச்சு புதிதல்ல. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தன. ஊரில் நடக்கும் தொழிலையே பிள்ளை பாடசாலையில் படிக்கும் ஏற்பாடு அது. ஊர்ப்பிள்ளையை ஊர்த்தொழிலில் கட்டிப்போடுகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அதுவும் போயிற்று. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கொல்லன் மகன் கொல்லன், தட்டான் மகன் தட்டான் என்று சாதியோடு தொழிலைப் பிணைத்து வைத்த சமூகம் இது. அந்தப் பிணைப்பை அறுக்க நாம் தேர்ந்தெடுத்த வழி, எல்லாப் பிள்ளைகளையும் ரியூஷனுக்கு அனுப்பி அரசாங்க உத்தியோகத்துக்காகக் காக்கவைத்தது. எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் மதிப்போடு பழகலாம் என்ற நிலையை நாம் உண்டாக்கவில்லை.

அதைச் செய்து காட்டியவர்கள் நம் மட்டக்களப்பு நகரிலேயே இருந்தார்கள். இயேசுசபையினரின் தொழில்நுட்ப நிறுவனத்தில் எத்தனையோ இளைஞர்கள் கைத்தொழில் கற்றார்கள். அதன் இயக்குநராக இருந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை. அவரை நினைவுகூர நாம் தவறுவதில்லை. அவர் செய்த வேலையை ஒவ்வொரு பாடசாலையும் ஏன் தொடரவில்லை என்று நாம் ஒருவரையொருவர் கேட்டதில்லை. யுத்தத்தைக் காரணம் சொன்னோம். அது 2009இல் முடிந்துவிட்டது.

தொழில் தருபவர்களாகிய நாமும் இதில் பங்காளிகள். வாவிக்கரை முழுக்க அரிசி ஆலைகள், வெல்டிங் கடைகள், படகு எஞ்சின் திருத்துமிடங்கள், பாசிக்குடாவில் ஹோட்டல்கள். எல்லாவற்றிலும் கையாள் பொடியன்கள் நிற்கிறார்கள். தேநீர் வாங்கி வர, சாமான் தூக்க, எஞ்சின் கழுவ. வேலை பிடிபட்ட பிறகும் பதிவு இல்லை, கடிதம் இல்லை. ஐந்து வருடம் நின்றவன் வெளிநாடு போகும்போது சாதாரணத் தொழிலாளியாகவே போகிறான். கையில் தொழில் உள்ளவர் முன்கற்றலைச் சோதிக்கச் செய்து அதே தேசிய சான்றிதழ் பெறலாம் என்பதைக்கூட நாம் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் விட்டுப் போய்விடுவான் என்ற பயம் நமக்கு. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முதலாளிமாரிடம் தமிழ்ப் பிள்ளைகளும் தமிழரின் பட்டறைகளில் முஸ்லிம் பிள்ளைகளும் முறையாகத் தொழில் பழகுவது பற்றி இரு பக்கத்தாரும் உட்கார்ந்து பேசவும் தயங்கினோம். 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த வன்முறையின் காயம் அந்த அளவுக்கு நம்மைப் பிரித்து வைத்திருக்கிறது.

அதிபர்மாரே, அடுத்த முடிவு வெளிவரும் வாரத்தில் தவறிய பிள்ளைகளின் பட்டியலையும் மேசையில் வையுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியரை விட்டு, அவரைப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் அனுப்புங்கள். பெற்றோரே, பிள்ளை ஸ்பனர் பிடிப்பதைக் குடும்பத்தின் தோல்வியாகப் பேசாதீர்கள். முதலாளிமாரே, இந்த வருடம் 16 வயது நிரம்பிய ஒரு பிள்ளையையாவது பதிவுசெய்து, ஒப்பந்தம் எழுதி, தொழில் பழக எடுங்கள். அதற்கான நைட்டா அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது.