பிள்ளைப்பேறு முடிந்தால் கவனிப்பும் முடிந்ததா?

எமது கிராமங்களில் கர்ப்பிணித் தாய்க்குக் கிளினிக் உண்டு. வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரும் உண்டு. மாதவிடாய் நின்றுவிட்ட 50 வயதுப் பெண்ணைத் தேடிச் செல்பவர் யார்? நெளுக்குளத்தையும் அதன் சுற்றயலையும் வந்தடைந்த விவசாயக் குடும்பங்களில், இடப்பெயர்வின் பாரத்தை அதிகம் சுமந்தவர்கள் இப்பெண்களே.

மாதவிடாய்க் காலம் முழுவதும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் பெண்ணின் நாடிகளுக்கு ஓரளவு காவலாக நிற்கின்றது. கெட்ட கொலஸ்திரோலைக் குருதியிலிருந்து ஈரல் அகற்ற அது துணைபுரிகின்றது. அது குறைந்ததும் கெட்ட கொலஸ்திரோல் உயர்கின்றது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள்ளேயே இவ்வுயர்வு ஏற்படுவதை 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் நாடிச் சுவரில் கொழுப்புப் படிகின்றது. ஓமோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் எனப் பலகாலம் நம்பினர். 2002இல் வெளிவந்த மற்றொரு பெரும் ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது.

காணியை இழந்தவள் வயல்வேலையையும் வீட்டுத்தோட்டத்தையும் இழக்கின்றாள். குரக்கனும் கீரையும் இருந்த இடத்தைக் கோதுமை மாவும் சீனியும் பிடிக்கின்றன. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பே. தேங்காயை முற்றாக விலக்கச் சொல்லவில்லை, பொரியலைக் குறைப்போம். பயறு, கீரை, சிறுமீன் ஆகியவற்றைக் கூட்டுவோம். நாளாந்தம் அரைமணி நேரமாவது விரைந்து நடப்போம்.

கொலஸ்திரோல் கூடினால் நோவு தெரியாது. குருதிப் பரிசோதனையே அதைக் காட்டும். வைத்தியர் தந்த மாத்திரையைச் "சுகமாகிவிட்டது" என்று நாமாக நிறுத்தலாகாது. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுநோவு இல்லாமலும் இருக்கலாம். மூச்சுவாங்கல், தாடை அல்லது முதுகு நோவு, குமட்டல், திடீர்க் களைப்பு என்பவற்றை "வாய்வு" என்று ஒதுக்காமல் உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பெண்களின் நோய்களை முன்கூட்டியே கண்டறியும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் இந்நாட்டில் தொடங்கப்பட்டன. கதவு திறந்திருக்கின்றது. ஆயினும் கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் கூலிப் பெண் எப்படிப் போவாள்? ஆகவே, பரிசோதனை கிராமத்துக்கே வரவேண்டும். ஆண்டுக்கு ஒரு நாளையாவது இதற்கென ஒதுக்குமாறு சுகாதாரப் பகுதியினரிடம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்கட்டும். பிள்ளை பெறும் காலத்தில் மட்டும் பெண்ணின் உயிரை மதிக்கும் அபிவிருத்தி அரைகுறை அபிவிருத்தியே என்பது எமது உறுதியான கருத்து.