பிரசாதமும் தனி மேசையும்

நாட்டின் உயர்கல்வி நிறுவனங்கள் பலவற்றில் கீதை வகுப்பும் கீர்த்தனையும் நடத்தும் மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. கூட்டம் முடிந்ததும் வெங்காயமும் பூண்டும் சேராத உணவு பிரசாதமாகப் பரிமாறப்படும்; சில இடங்களில் அந்தச் சமையலையும் கற்றுத் தருகிறார்கள். இந்த முறை புதிதல்ல. 1966இல் பக்திவேதாந்த சுவாமி நியூயார்க்கில் இஸ்கான் அமைப்பைத் தொடங்கிய காலத்தில், அமெரிக்க இளைஞர்களை ஈர்த்ததில் உபதேசத்தைப் போலவே ஞாயிற்றுக்கிழமை இலவச விருந்துக்கும் பங்கு இருந்தது.

இதைக் கேலி செய்து ஒதுக்குவது இடதுசாரி மாணவர் இயக்கத்துக்கு அழகல்ல. ஊரை விட்டு வந்து, ஆங்கில வகுப்பில் திணறி, பேச்சுத் துணையற்றுக் கிடக்கும் முதலாண்டு மாணவரைப் பெயர் சொல்லி அழைத்துச் சோறு போடுகிறார்கள். துண்டறிக்கையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்கிறவர்கள் இதிலிருந்து கற்கவேண்டியது உண்டு. விரும்பியவர் பாடுவதும் புலால் மறுப்பதும் அவரவர் உரிமை. அதில் இடதுசாரிகளுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஒரு குழுவின் நோன்பு எல்லோருக்குமான விதியாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி நுழைவாயிலும் கைகழுவும் தொட்டியும் குறித்து அறிவிப்பு ஒட்டப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அகற்றப்பட்டது. 2023இல் மும்பை ஐஐடி விடுதிகளில் ஆறு மேசைகள் சைவருக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டன. அதை எதிர்த்து அங்கே அமர்ந்து அசைவம் உண்டதற்காக ஒரு மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2022 ராமநவமி நாளில் ஜேஎன்யு காவேரி விடுதியில் கோழிக்கறியை முன்னிட்டு எழுந்த மோதலில் மாணவர்கள் காயமடைந்தனர்.

இவற்றையெல்லாம் பக்திக் குழுக்களே செய்தன என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் உணவைச் சாத்விகம், தாமசம் எனத் தரம் பிரிக்கும் சொற்கள் அந்த அரங்குகளில்தான் புழங்குகின்றன. உணவைத் தரம் பிரிப்பவர் உண்பவரையும் தரம் பிரிப்பது இந்நாட்டில் நெடுங்காலப் பழக்கம். சாதி காலூன்றி நின்றதே பந்தியில்தான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் 83 சதவீதத்தினரும் பெண்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோரும் மீனோ இறைச்சியோ உண்பவர்கள். மீனவர், தலித், பழங்குடி வீட்டுப் பிள்ளை தன் வீட்டுச் சாப்பாட்டின் பெயரைச் சொல்லத் தயங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறதென்றால், அது சமையல் பிரச்சினை அல்ல.

பக்தி மரபு இந்தத் தூய்மைக்குச் சாட்சி சொல்லுமா என்பதும் ஐயமே. திருக்காளத்திநாதருக்குப் பன்றி இறைச்சியைத் தானே சுவைத்துப் பார்த்துப் படைத்த வேடர் கண்ணப்பரை நாயன்மாராக வைத்துப் பாடியவர் சேக்கிழார். அந்தக் கதையில் அர்ச்சகர் பதறுகிறார், இறைவன் பதறவில்லை. பந்தர்பூரில் மகர் சாதியினரான சோகாமேளர் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை. தலித்துகளுக்கு அக்கோயில் திறக்க 1947இல் சானே குருஜி உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. இஸ்கான் தன் மூலமாகக் கொள்ளும் சைதன்யரின் அன்புக்குரிய ஹரிதாசர், இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதே அம்மரபின் கூற்று. புரியில் ஜகந்நாதர் கோயிலுக்கு வெளியேதான் அவர் தங்கியிருந்தார்.

கீர்த்தனை நடக்கும் அரங்குக்கே சென்று இந்தக் கதைகளைக் கேட்கலாம், சொல்லலாம். அதோடு விடுதி உணவுக் குழுத் தேர்தல்களில் போட்டியிட வேண்டும். எந்த மேசைக்கும் சாதிப் பெயரோ உணவுப் பெயரோ கூடாது, சைவ உணவு உண்பவருக்குத் தனிப் பாத்திரமும் கரண்டியும் உறுதி செய்யப்பட வேண்டும், முட்டையை நிறுத்தும் முடிவு எதுவும் மாணவர் பேரவையின் ஒப்புதலின்றி வரக்கூடாது என்ற மூன்று கோரிக்கைகளை இந்தக் கல்வியாண்டிலேயே எழுப்பலாம்.