வானத்திலிருந்து விழுந்த இரும்பும், விழாத கல்லும்

சின்ன வயதில் ராத்திரி முற்றத்தில் படுத்திருக்கும்போது எரிநட்சத்திரம் விழுந்தால் ஆச்சி உடனே சொல்வாள்: "மக்கா, பச்ச மரத்தப் பாரு." ஏன் ஆச்சி என்றால், "பாருன்னா பாரு." அவ்வளவுதான் விளக்கம்! விழுந்தது எங்கே போய்க் கிடக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஒன்று கொடைக்கானலில் கிடந்தது. 1898-ல் கண்டெடுத்தார்கள், சுமார் 16 கிலோ இரும்பு. விழுந்ததைப் பார்த்த ஆள் இல்லை. அதனால் கல்லைத்தான் விசாரிக்க வேண்டும். இந்த மாதிரி இரும்பில் நிக்கல் கலந்திருக்கும். அறுத்து, தேய்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் பட்டால் பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். பல லட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்தால்தான் அந்தக் கோடுகள் வரும், எந்தக் கொல்லன் உலையிலும் வராது. கொடைக்கானல் கல்லுக்குள் இருக்கும் சிலிகேட் துணுக்குகளின் வயது சுமார் 370 கோடி ஆண்டு என்று 1960-களில் கணக்கிட்டார்கள். பெரும்பாலான விண்கற்களுக்கு 450 கோடிக்கு மேல். இது ஏன் இளசு என்று இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நம்ம ஊர் மலையின் பெயரில்தான்!

இதற்கு நேர் எதிர் 2016-ல் நடந்தது. பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், சிலருக்குக் காயம். மறுநாளே முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை, காரணம் விண்கல் என்றது. குடும்பத்துக்கு 1 லட்சம் நிவாரணம். உலகம் முழுக்கச் செய்தி. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது தரையில் நடந்த வெடிப்பு போல இருக்கிறது என்றார்கள்.

எனக்கு இதில்தான் கோபம். சின்ன விண்கல் காற்றிலேயே வேகம் இழந்து, மாடியிலிருந்து எறிந்த கல் மாதிரி விழும். ஓட்டை உடைக்கும், மண்டையைக்கூட உடைக்கலாம். ஆனால் வெடிகுண்டு மாதிரி வெடித்து ஜன்னல் கண்ணாடிகளைச் சிதறடிக்காது. நிக்கல் இருக்கிறதா என்று பார்க்கும்வரை ஒரு வாரம் பொறுத்தால் என்ன? வானம் குற்றவாளி என்றால் யார் மேலும் கேஸ் கிடையாது, அங்கே வெடித்தது என்ன என்று கேட்கவும் ஆள் கிடையாது. செத்தவர் வேலைக்கு வந்த மனுஷன்.

உங்கள் வயலில் கறுப்பாய், கனமாய் ஒன்று கிடந்தால் கற்பூரம் ஏற்றுவதற்கு முன் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டியதும் துள்ள வேண்டாம், பட்டறைக் கிட்டம்கூட ஒட்டும். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறையிலோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலோ காட்டுங்கள். சுத்தியலால் மட்டும் தட்டிப் பார்க்காதீர்கள், ப்ளீஸ்.